கான்ஸ்டிட்யூஷன் ஹில்: சிறையில் தொடங்கி நீதிமன்றத்தில் முடிக்க ஒரு முழு வழிகாட்டி

ஜோஹன்னஸ்பர்க்கின் ப்ராம்ஃபொன்டைன் மேட்டில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு விதமான அரசுக் கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று, 1983 வரை கைதிகளை அடைத்துவைத்த சிறை. இன்னொன்று, தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம். இங்கே எல்லோரும் சுருக்கமாக ‘கான்கோர்ட்’ என்பார்கள்.

ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியாவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் உறவினர்கள், வேலை மாற்றலாகி வந்தவர்கள் என்று பலரை நான் இங்கே கூட்டிப் போயிருக்கிறேன். தாங்களாகவே முதல் முறை போய்வந்தவர்கள் ஒன்று தப்பான கிழமையில் போயிருப்பார்கள், இல்லையென்றால் தப்பான வரிசையில் பார்த்திருப்பார்கள். நீதிமன்றத்தை முதலில் பார்த்தால் அது ஓர் அழகான புதுக் கட்டடம், அவ்வளவுதான். சிறையைப் பார்த்துவிட்டு வந்தால், அந்தச் சுவரின் செங்கல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான்.

1. நான்கு பகுதிகளையும் மனதில் பிரித்துக்கொள்ளுங்கள்

‘நம்பர் ஃபோர்’ என்பது கறுப்பின ஆண்களை அடைத்த சிறை. இந்தியக் கைதிகளையும் இங்கேதான் வைத்திருந்தார்கள். ‘ஓல்ட் ஃபோர்ட்’ எனும் பழைய கோட்டை வெள்ளைக்கார ஆண்களுக்கானது. மூன்றாவது, பெண்கள் சிறை. நான்காவது, நீதிமன்றம். விசாரணைக் கைதிகள் இருந்த ஐந்தாவது கட்டடம் ஒன்றும் இருந்தது. அதை இடித்து, செங்கல்லை நீதிமன்றம் கட்ட எடுத்துக்கொண்டார்கள். அதன் மாடிப்படிக் கூண்டுகளை மட்டும் இடிக்காமல் நிறுத்திவைத்தார்கள்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சிறைப் பகுதிகள் அருங்காட்சியகம். அவற்றுக்கு டிக்கெட் உண்டு. நீதிமன்றம் இயங்கிக்கொண்டிருக்கும் நீதிமன்றம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. நிர்வாகமும் வேறு வேறு. டிக்கெட் கவுன்டரில் போய் இன்றைக்கு என்ன வழக்கு என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக விசாரித்துத்தான் நாளைக் குறிக்க வேண்டும்.

2. கிழமையைக் குறியுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் சனிக்கிழமை வருகின்றன. சிறைப் பகுதிகளுக்கு அது பரவாயில்லை. நீதிமன்றத்துக்குள் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வாரநாள்தான் சரி. ஒரு நாள் லீவு போட்டாவது வாரநாளில் போங்கள்.

அப்புறம், வருகிற நாள் விசாரணை நாளா, இல்லையா என்று பாருங்கள். நீதிமன்றத்துக்கு வருடத்தில் நான்கு பருவங்கள்: பிப்ரவரி 15 முதல் மார்ச் 31 வரை, மே மாதம் முழுவதும், ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 30 வரை, நவம்பர் மாதம் முழுவதும். இந்த நாட்களில்தான் வழக்குகளை நேரில் கேட்பார்கள். எந்தத் தேதியில் எந்த வழக்கு என்ற பட்டியல் நீதிமன்றத்தின் இணையதளத்தில் இருக்கும். கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு, அதனால் முந்தின நாள் இன்னொரு முறை பாருங்கள்.

விசாரணை நடக்கும்போது கூடத்தில் உட்கார்ந்து கேட்கலாம்; சுற்றி வந்து பார்க்க முடியாது. விசாரணை இல்லாத நாளில் கூடத்தை ஆற அமரப் பார்க்கலாம். ஆனால் நாற்காலிகள் காலியாக இருக்கும். முதல் முறை வருபவர்களுக்கு விசாரணை இல்லாத நாளையே சொல்வேன். சட்டம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் விசாரணை நாளுக்கே வாருங்கள்.

வானிலையையும் கணக்கில் வையுங்கள். நம்பர் ஃபோரில் பாதி இடம் திறந்த முற்றம். நவம்பர் முதல் மார்ச் வரை பிற்பகலில் இடியும் மழையும் திடீரென்று வந்து கொட்டும், அதனால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஜூன், ஜூலையில் வெளியே வெயில் அடித்தாலும் சிறை அறைக்குள் குளிர் எலும்பைத் துளைக்கும். எனக்குப் பிடித்தது மே மாதம்.

3. வீட்டிலேயே இரண்டு விஷயங்களைப் படித்துவிட்டு வாருங்கள்

இதைச் செய்யாமல் வருபவர்கள்தான் அதிகம். ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலாவது, தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 6-ஆவது பிரிவு. மொழிகளைப் பற்றியது. ஆட்சிமொழிகளின் பட்டியலுக்குக் கீழே, இங்குள்ள சமூகங்கள் பேசும் மற்ற மொழிகளையும் வளர்க்க வேண்டும், மதிக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சில மொழிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதில் தமிழ் இருக்கிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாம் கூடவே இருக்கின்றன. பிள்ளைகளை அந்த வரியில் விரலை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மூக்குத்தி வழக்கு. டர்பனில் ஒரு பள்ளி மாணவி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். நகை அணியக்கூடாது என்பது பள்ளி விதி. கழற்றச் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார். பெண் வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்துவது தங்கள் தென்னிந்தியக் குடும்ப வழக்கம் என்றும், 16 வயது முடிந்ததும் பாட்டி அந்தத் தங்க மூக்குத்தியை மாற்றி வைர மூக்குத்தி போடுவார் என்றும் எடுத்துச் சொன்னார். கீழ் மன்றத்தில் பள்ளிக்குச் சாதகம், உயர் நீதிமன்றத்தில் மாணவிக்குச் சாதகம் என்று போய், கடைசியில் வழக்கு இந்த மேட்டுக்கு வந்தது.

2007 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி பியஸ் லாங்கா. மூக்குத்தி கட்டாயமான மதக் கடமையாக இல்லாவிட்டாலும், ஒருவர் தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பது அதன் சாரம். தீர்ப்பு வரும்போது அந்தப் பெண் பள்ளியை விட்டே போயிருந்தாள். ஆனாலும் மற்ற பிள்ளைகளுக்காக நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது. எளிமையான ஆங்கிலம்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டிலிருக்கும் அத்தை, பாட்டிக்குக் கதையாகச் சொல்லிவிட்டுக் கூட்டி வாருங்கள். அவர்களுக்குக் கூடத்தில் உட்காரும்போது அது எங்கோ நடந்த வழக்காக இருக்காது.

4. எதை எடுத்துவர வேண்டும், எதை விட்டுவர வேண்டும்

அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், தண்ணீர், ஒரு ஸ்வெட்டர், நடக்கத் தோதான செருப்பு. கோட்டைப் பகுதியில் ஏற்ற இறக்கமும் படிகளும் அதிகம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் டூர் தொடங்கும் முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள், படி குறைவான வழியாகக் கூட்டிப்போவார்கள்.

நீதிமன்ற வாசலில் விமான நிலையம் மாதிரி ஸ்கேனர் உண்டு. ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா புளியோதரை டப்பாவோடு ஆப்பிள் நறுக்க ஒரு சின்னக் கத்தியும் வைத்திருந்தார். மொத்தப் பையையும் பிரித்து, கத்தியை வண்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. சாப்பாட்டுப் பையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். உடை விஷயத்தில் தனி விதி எதையும் தேட வேண்டாம். கோயிலுக்குப் போகிற மாதிரி அடக்கமாக இருந்தால் போதும்.

5. போய்ச் சேர்வது

லெனேசியாவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் அது இரண்டு மடங்கு ஆகும். அதனால் ஆறரைக்கே கிளம்புங்கள். வளாகத்திலேயே வாகன நிறுத்தம் இருக்கிறது. தெருவில் நிறுத்தாதீர்கள்.

ஊரிலிருந்து வந்து ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள் ஹௌட்ரெயின் என்ற விரைவு ரயிலில் பார்க் ஸ்டேஷன் வந்து இறங்கலாம். விமான நிலையத்திலிருந்து வருவதானால் நடுவில் சாண்ட்டனில் மாற வேண்டும். பார்க் ஸ்டேஷனிலிருந்து மேட்டுக்கு ஊபர் எடுங்கள். தூரம் குறைவுதான், வரைபடத்தில் பார்த்தால் நடந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் ஊர் தெரியாதவர்கள் கையில் ஃபோனை நீட்டி வழி பார்த்துக்கொண்டு நடக்கிற பகுதி இது இல்லை. பக்கத்திலேயே வழிப்பறிக்குப் பேர்போன ஹில்ப்ரோ பகுதி. வளாகத்தின் வாயிலுக்குள்ளேயே வண்டியில் இறங்கி, திரும்பும்போது உள்ளே நின்றே வண்டியை வரவழையுங்கள்.

இந்தப் பாதையைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1908 அக்டோபரில் காந்தியைக் கைதி உடையில், மூட்டையைத் தூக்க வைத்து, பார்க் ஸ்டேஷனிலிருந்து இந்தக் கோட்டைக்கு நடத்தித்தான் கூட்டி வந்தார்கள். ஊபரில் ஏறும்போது பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

6. கைடிடம் முதல் வார்த்தையாக வரிசையைச் சொல்லுங்கள்

டூர்கள் குறிப்பிட்ட மணிக்குத் தொடங்கும். நீளமானதும் உண்டு, முக்கியமானதை மட்டும் காட்டும் சுருக்கமானதும் உண்டு. நேரமில்லை என்று சுருக்கமானதை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் சிறையைத் தவறவிடுகிறார்கள். நீளமானதையே எடுங்கள். பத்துப் பேருக்கு மேல் போவதானால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

கைடு தன் வழக்கப்படி நீதிமன்ற வாசலிலிருந்து தொடங்கலாம். “நாங்கள் சிறையை முதலில் பார்த்துவிட்டு, கடைசியில்தான் கோர்ட்டுக்கு வர விரும்புகிறோம்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் கேட்டு ஒருவர்கூட மறுத்ததில்லை.

7. நம்பர் ஃபோர்: ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

இங்கே அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். கூட்டு அறைகள், திறந்த கழிப்பறைகள், தனிமைச் சிறை வரிசை. கைதிகள் கம்பளியை மடித்துச் செய்த உருவங்களும் காட்சிக்கு இருக்கின்றன. உடம்பைச் சோதிப்பதற்காகக் கைதிகளை நிர்வாணமாக ஆடவைத்த ‘தௌசா’ பற்றியும் முற்றத்தில் சொல்வார்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால், அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. கைடுகள் எதையும் மறைக்காமல் சொல்பவர்கள். அது அவர்கள் கடமை. பிள்ளைக்கு எது போதும் என்று பார்ப்பது நம் கடமை.

நிதானமாக நிற்க வேண்டிய இடம் சாப்பாட்டுப் பகுதி. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு விதச் சாப்பாடு. 1908 ஜனவரியில் காந்தியும் அவருடைய சத்தியாகிரகத் தோழர் தம்பி நாயுடுவும் இந்தச் சிறையில் இருந்தபோது இந்தியக் கைதிகளுக்குக் காலையில் சோளக்கூழ்தான். அரிசி தின்று பழகிய வயிறு அதைத் தாங்கவில்லை என்று அவர்கள் மனு எழுதினார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா, எண்பது வயது, அதுவரை நாற்காலி எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தவர், இங்கே வந்ததும் நின்றுவிட்டார். “சோத்துல கூடவாப்பா ஜாதி பிரிச்சான்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அங்கிருந்து நகர அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. அவசரப்படுத்தாதீர்கள். இந்த மாதிரி நிமிடங்களுக்காகத்தான் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறேன்.

சாமி நாகப்பனின் பெயரையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தியாகிரகத்தில் சேர்ந்து 1909 ஜூனில் சிறைக்குப் போன 18 வயதுப் பையன். குளிரில் சிறை முகாமில் வேலை வாங்கப்பட்டு, நிமோனியாவோடு வெளியே வந்து, ஜூலை 6 அன்று இறந்தான். இந்த வழிகாட்டியின் கடைசியில் அவனிடம் திரும்பி வருவோம்.

8. பழைய கோட்டை: இருபது நிமிடம் போதும்

மண் மேட்டின் மேல் ஏறினால் நகரம் தெரியும். படம் எடுக்க இது நல்ல இடம். 1962-இல் கைதான மண்டேலாவை விசாரணைக் கைதியாக இங்கேதான், கோட்டையின் மருத்துவப் பகுதியில் வைத்திருந்தார்கள். வெள்ளையர் சிறையில் அவருக்கு விதிவிலக்காக இடம் கொடுத்தார்கள். இங்கே அதிக நேரம் செலவழித்துவிட்டுப் பெண்கள் சிறையை ஓடிப் பார்ப்பது வழக்கமான தவறு.

9. பெண்கள் சிறை

வெளியிலிருந்து பார்த்தால் வீடு மாதிரி அழகான கட்டடம். அந்த அழகே ஏமாற்றும். கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற ‘பாஸ்’ சட்டத்தை எதிர்த்து 1958-இல் கைதான பெண்களால் இந்தச் சிறை நிரம்பி வழிந்தது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய வின்னி மண்டேலா, அல்பெர்ட்டினா சிசுலு, டர்பன்காரரான ஃபாத்திமா மீர் எல்லோரும் இங்கே இருந்தவர்கள். ஃபாத்திமா மீர் உள்ளே இருந்தபடியே சிறை வாழ்க்கையை வாட்டர்கலரில் வரைந்தார்.

கூட வரும் பெண்கள் இங்கே தனியாகக் கொஞ்ச நேரம் கேட்பார்கள். கொடுங்கள்.

10. இப்போது நீதிமன்றத்துக்கு வாருங்கள்

நம்பர் ஃபோருக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே ‘பெரிய ஆப்பிரிக்கப் படிகள்’ இறங்குகின்றன. அந்தப் படிகளில் நில்லுங்கள். ஒரு பக்கம் சிறைச் சுவர், மறுபக்கம் நீதிமன்றத்தின் கண்ணாடி. முன்வாசலுக்கு வந்தால் ‘அரசியல் சாசன நீதிமன்றம்’ என்ற பெயர் 11 மொழிகளில் வண்ண வண்ணமாக இருக்கும். சைகை மொழி 12-ஆவது ஆட்சிமொழியானது 2023-இல்தான். ஆனால் கட்டடம் 2004 மார்ச் 21 அன்று திறக்கப்பட்டபோதே வாசல் கதவில் 27 உரிமைகளையும் செதுக்கிய மரவேலையில் சைகை மொழி இடம்பெற்றிருந்தது. கதவைத் தொட்டுப் பார்க்கலாம். பெரும்பாலோர் திறந்த கதவு வழியே நேராக உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். நீங்கள் கதவிலேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

உள்ளே கூடம் ஒரு மரத்தடி மாதிரி கட்டப்பட்டிருக்கிறது. தூண்கள் சாய்ந்து நிற்கும், கூரை இடுக்குகளில் வெளிச்சம் இலை இடைவெளியில் விழுவதுபோல் விழும். ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து நியாயம் பேசிய வழக்கத்தை அப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஊர் ஆலமரத்தடியைப் பார்த்தவர்களுக்குக் கைடு விளக்க வேண்டியதே இல்லை.

விசாரணைக் கூடத்தில் மூன்றைக் கவனியுங்கள். சுவர்: விசாரணைக் கைதிகள் இருந்த கட்டடத்தின் செங்கல். மேஜை: 11 நீதிபதிகளுக்கும் முன்னால் மாட்டுத்தோல் போர்த்தியிருக்கும், ஒன்றின் புள்ளிபோல் இன்னொன்று இருக்காது. ஜன்னல்: தாழ்வாக ஓடும் நீளக் கண்ணாடி. அதன் வழியாக வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். யாருடைய கால் என்று தெரியாது. உள்ளே வாதிடும்போது அந்தக் கால்கள் போய்க்கொண்டே இருக்கும். மூக்குத்தி வழக்கை இந்தக் கூடத்தில்தான் கேட்டார்கள் என்பதை இப்போது சொல்லுங்கள்.

வெளியே வரும் வழியில் ஓவியக் கூடம். நீல பிளாஸ்டிக் பைகளைத் தைத்துச் செய்த ஒரு கவுனைத் தேடுங்கள். ஜூடித் மேசன் செய்தது. 1988-இல் காவல்துறையினரால் கொல்லப்பட்ட ஃபிலா ந்ட்வான்ட்வே என்ற இளம் பெண், நிர்வாணமாக அடைத்துவைக்கப்பட்டிருந்தபோது தன்னை மூடிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பையைத்தான் கண்டெடுத்தாள் என்பது பின்னால் தெரியவந்தது. அவளுக்காகத் தைத்த உடை இது. கேட்டு, அது இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். காட்சிப் பொருட்களை அவ்வப்போது மாற்றுவார்கள்.

11. விசாரணை நாளில் வந்தால் வரிசை மாறும்

விசாரணை வழக்கமாகக் காலை 10 மணிக்குத் தொடங்கும். ஒன்பதே காலுக்கு ஸ்கேனரைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படியானால் நீதிமன்றம் முதலிலும் சிறை பிற்பகலிலும் வரும். அதனால் காலையில் கூடத்தில் உட்கார்ந்து கேட்க மட்டும் செய்யுங்கள். கதவு, செங்கல், ஓவியம் எதையும் அப்போது பார்க்க வேண்டாம். சிறையை முடித்துவிட்டு மறுபடி வந்து பாருங்கள். நடை கூடுதல்தான், ஆனால் செய்து பார்த்தவர்கள் யாரும் வருத்தப்படவில்லை.

நீதிபதிகள் வரும்போது எழுந்து நிற்க வேண்டும். தொப்பி வேண்டாம். ஃபோனை சைலண்டில் போடாமல் அணைத்தே வையுங்கள். நடுவில் எழுந்து போகலாம், ஆனால் இரண்டு தரப்பு வாதத்துக்கும் இடையில் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது தாங்காது.

12. கடைசியாக, கல்லறைத் தோட்டம்

இது டூரில் கிடையாது. ஆனால் தமிழர்கள் இதைச் சேர்க்காமல் திரும்பக்கூடாது என்பேன். ப்ராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டம் வண்டியில் சில நிமிடத் தூரம். நாகப்பனின் கல்லறையும் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறையும் அங்கே இருக்கின்றன. வள்ளியம்மை அதே சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையான கொஞ்ச காலத்திலேயே, 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தவர்.

தோட்டம் பெரியது. உள்ளே போய்த் தேடி அலையாமல், வாசலிலேயே ஊழியரிடம் இருவர் பெயரையும் எழுதிக் காட்டிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். மூன்று நான்கு பேராகப் போங்கள். பூ கொண்டுவருவதானால் காலையிலேயே வீட்டிலிருந்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி வண்டியில் வையுங்கள், வழியில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மூன்று மணிக்குள் அங்கே இருக்கும்படி பாருங்கள். நான்கு மணிக்கெல்லாம் எம்1 நெடுஞ்சாலையில் தெற்கே போகும் வண்டிகள் நிற்கத் தொடங்கிவிடும்.